டீசல் ஒழுகுதுன்னு போனால் பம்பைக் கழற்ற விடாதீங்க

பாலக்காடு மாவட்ட எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

எங்களுடையது 2006 மாடல் இண்டிகா, அப்பா வாங்கியது. 15 வருடம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டுகிறோம். நிறுத்தின இடத்தில் டீசல் சொட்ட ஆரம்பித்தது, காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம்பிடித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பொள்ளாச்சி ரோட்டோரப் பட்டறை ஒன்றில் காட்டினோம். பானட்டைத் தூக்கியதுமே சொல்லிவிட்டார்கள்: "டீசல் பம்ப் போச்சுங்ண்ணா. இப்ப வர்ற பிஎஸ்-6 டீசலுக்குப் பழைய பம்ப் எதுவும் தாங்காதுங்க."

பாதி உண்மையை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகை விதி வந்தபோது டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆகக் குறைந்தது நிஜம். டீசல் மாறும்போது பழைய பம்பின் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) சுருங்கிக் கசியலாம், அதுவும் நிஜம். அப்படியே கசிந்தாலும் அந்த வளையங்களின் செட்டை (சீல் கிட்) மாற்றினால் தீரும் வேலை அது. எங்கள் வண்டியில் ஒழுகுவது பம்ப்தானா என்று துடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

18,500 ரூபாய் வாங்கினார்கள். மாட்டியதோ எங்கேயோ கழற்றிப் பெயின்ட் அடித்த பம்ப். எங்கள் பழைய பம்ப் எங்கே என்றால், "எக்ஸ்சேஞ்ச்ல போயிருச்சுங்க." பில் கேட்டதற்கு வெள்ளைத் துண்டுச் சீட்டு. பம்ப் டீசல் பீய்ச்சும் நேரத்தை (டைமிங்) சரியாக வைக்காததால் வண்டி வெள்ளைப் புகை கக்கியது, இஞ்சின் தட்டியது. சொட்டு மட்டும் நிற்கவே இல்லை.

கடைசியில் பாலக்காடு மாவட்டச் சித்தூரில் ஒரு மெக்கானிக் சேட்டன் பார்த்தார். இஞ்சினைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து, ஓடவிட்டு டார்ச் அடித்துக்கொண்டே நின்றார். எது முதலில் ஈரமாகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. டீசல் மேலே கசிந்து, வழிந்து, எங்கோ கீழே சொட்டும். எங்களுக்குக் கசிந்தது, இஞ்சினுக்குள் டீசல் பீய்ச்சும் நாசில்களில் கடைசியானதன் ரிட்டர்ன் மூக்கில் (மிச்ச டீசல் திரும்பும் முனை) மாட்டும் சின்ன ரப்பர் மூடி. பக்கத்து நூல் பின்னிய ஹோஸும் காய்ந்து வெடித்திருந்தது. ராத்திரி அந்த வழியாகக் காற்று ஏறி, டீசல் டேங்குக்கே இறங்கியதால்தான் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. மூடியும் ஹோஸும் சேர்த்து 300 ரூபாய்கூட ஆகவில்லை. டைமிங் வைத்த கூலி தனி.

ஆகவே ஈரம் தொடங்கும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் பம்பில் ஸ்பேனர் வைக்கவே விடாதீர்கள். பம்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், அதன் தகட்டில் இருக்கும் நம்பரை முதலில் போட்டோ எடுங்கள். கழற்றின இடத்தில் பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டால் மறுபடி கசியும், கேட்டுப் புதுசு போடச் சொல்லுங்கள். இஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பைக் கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பார்க்கச் சின்னப் புள்ளிதான், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். ஒழுகும் வண்டியை அப்படியே ஓட்டவும் வேண்டாம். மழை நாளில் ரோட்டில் சிந்தும் டீசலில் முதலில் வழுக்கி விழுவது பைக்கில் வருகிறவர்.

பட்டறை தமிழ்நாட்டில், நாம் கேரளத்தில், என்ன செய்ய முடியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, ஜிபே ரசீது, அந்தப் பெயின்ட் அடித்த பம்பின் போட்டோ எல்லாம் சேர்த்துப் பாலக்காட்டில் கொடுக்க மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள்.