எம்ஆர்ஐயா, பெட் ஸ்கேனா: நரம்புக் கட்டிக்கு எது?

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு என்எஃப்1. பரம்பரை நரம்புக் கட்டி நோய். மருந்து தொடங்கும் முன், "எந்த ஸ்கேன் எடுத்தா மருந்து கேட்குமான்னு தெரியும்?" என்று அவன் அம்மா கேட்டார்.

காட்டுவது: எம்ஆர்ஐ கட்டியின் உருவத்தை, பெட், கட்டி எவ்வளவு சர்க்கரையை உறிஞ்சுகிறது என்பதை.
கதிர்வீச்சு: எம்ஆர்ஐயில் கிடையாது, பெட்டில் உண்டு.
சிரமம்: எம்ஆர்ஐயில் வெகுநேரம் அசையாமல் படுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், பெட்டுக்கு சில மணி நேரம் வெறும் வயிறு, அப்புறம் பெங்களூருக்குச் சுமார் 90 கி.மீ. பயணம்.

மருந்து தொடங்கும் முன்பே பலனை உறுதியாகச் சொல்லும் ஸ்கேன் இரண்டிலும் இல்லை. ஆனால் பலனை அளக்க எம்ஆர்ஐதான். இந்தக் கட்டி வேர்போலப் படரும். நீள அகலம் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒவ்வொரு படத்திலும் ஓரம் வரைந்து கன அளவைக் கணக்கிட வேண்டும். அது 20% குறைந்தால்தான் பலன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டிக்கு 2020இல் அமெரிக்கா அனுமதித்த செலுமெடினிப் மருந்துக்கான ஆய்விலும் இதே அளவுகோல்தான். சுமார் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குக் கட்டி அந்த அளவு சுருங்கியது. அதனால் தொடக்க எம்ஆர்ஐயை விட்டுவிடாதீர்கள், பின்னால் ஒப்பிட அதுதான் ஆதாரம்.

வலி திடீரென்று கூடினாலோ, கட்டி வேகமாக வளர்ந்து இறுகினாலோ புற்றாக மாறுகிறதா என்ற சந்தேகம் வரும். அப்போது பெட் எடுக்கத் தயங்க வேண்டாம். அதில் சந்தேகம் வலுத்தால் சதைப் பரிசோதனை.