‘வேரழுகல் வராது’ என்று அட்டை போட்ட சோயா விதை: 5க்கு 3

பாரிமுனைப் பக்கம் ஒரு விதைக்கடையில் சோயா மொச்சை விதை வாங்கினேன். நூறு கிராம் பாக்கெட் 60 ரூபாய். கடைப் பெயரும் ரகத்தின் பெயரும் வேண்டாம். என் சண்டை பாக்கெட்டில் சிவப்பு எழுத்தில் இருந்த ஒரே ஒரு வரியோடுதான்: ‘வேரழுகல் எதிர்ப்பு மரபணு கொண்டது’.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முளைப்புத்திறன் 70 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். சோயாவுக்கு விதைத் தரப்படி குறைந்தபட்சமே அதுதான். ஈரத்துணியில் கட்டிப் பார்த்தேன், பத்துக்கு ஏழு எட்டு வந்தது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சோயா விதைக்குத் தோல் மெல்லிசு. சென்னைப் புழுக்கத்தில் கடை அலமாரியில் ஒரு கோடை கிடந்தாலே பாதி செத்துவிடும். இந்தக் கடைக்காரர் சரக்கைப் பழசாக்காமல் விற்கிறார். அதற்கே இரண்டு மார்க்.

இப்போது அந்தச் சிவப்பு வரி. “எந்த வேரழுகலுக்குப்பா?” என்று கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பையனைக் கேட்டேன். “எல்லாத்துக்கும்தான் மேடம், ஜீன்லயே இருக்கு” என்றான். பாவம், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

வேரழுகல் ஒரே நோய் இல்லை. அமெரிக்காவில் சோயாவை அழிப்பது ஃபைட்டோஃப்தோரா சோயே என்ற நீர்ப்பூஞ்சை. தண்ணீர் தேங்கும் களிமண்ணில் வரும். தண்டு மண்மட்டத்திலிருந்து மேல்நோக்கிப் பழுப்பாகும். அதற்கு ஒற்றை மரபணு எதிர்ப்பு உண்டு என்று 1950களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆர்பிஎஸ் என்று பெயர் வைத்து, அந்த வரிசையில் நிறைய மரபணுக்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வில்லியம்ஸ் 82 என்ற புகழ்பெற்ற ரகத்தில் இருப்பது ஆர்பிஎஸ் 1கே. அதுவும் நிரந்தரம் இல்லை. ஒரு மரபணுவைப் பெரிய பரப்பில் போட்டால், சுமார் 8 முதல் 15 வருஷத்தில் பூஞ்சை அதைத் தாண்டப் பழகிவிடுகிறது. அப்புறம் வேறு மரபணு தேட வேண்டியதுதான்.

நம்ம ஊர் கதையே வேறு. இங்கே உளுந்து, நிலக்கடலை, எள் எல்லாவற்றையும் வாட்டுகிற வேரழுகல் மேக்ரோஃபோமினா ஃபேசியோலினா என்ற பூஞ்சையால் வருவது. அதற்கு ஈரம் வேண்டாம், வெயிலும் வறட்சியும் போதும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிவகைகளைத் தாக்கும். இதை அடியோடு தடுக்கிற ஒற்றை மரபணு சோயாவில் கிடையாது. பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தாங்க வைக்கும், அவ்வளவுதான். ஜபல்பூரில் உருவான ஜேஎஸ் 20-34 போன்ற ரகங்கள் இதை ஓரளவு தாங்கும் என்றுதான் பெயர் வாங்கியிருக்கின்றன. ‘எல்லாத்துக்கும்’ என்று யாரும் சொன்னதில்லை.

கொளத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாசிப்பட்டத்தில் போட்டேன். விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை) சேர்த்துத்தான் விதைத்தேன், கிலோவுக்கு 4 கிராம் கணக்கில். பாக்கெட்டுக்கு அநியாயம் செய்யவில்லை. பூக்கும் வரை ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயில் ஏறியதும் மேற்குச் சுவர் ஓரத்துப் பைகளில் செடிகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று பார்த்தால் மண்ணில் ஈரம் இருக்கிறது. ஒன்றைப் பிடுங்கினேன். பக்கவேரெல்லாம் மண்ணிலேயே தங்கிவிட்டது, ஆணிவேர் மட்டும் கையோடு வந்தது. அடித்தண்டின் பட்டை நகம் பட்டதும் நாராக உரிந்தது. உள்ளே கரித்தூள் தூவினது போல் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனி உருண்டை. மேக்ரோஃபோமினாதான், வேறு சாட்சி வேண்டாம். தண்ணீர்த்தொட்டி நிழலில் இருந்த பைகள் தப்பின. அதில் வந்த பச்சைக் காய்களை உப்புப் போட்டு வேகவைத்தோம். ருசிக்குக் குறை சொல்ல முடியாது.

திரும்பப் போய் முதலாளியிடமே கேட்டேன். “அம்மா, அது கம்பெனிக்காரன் போட்டது, நாங்க ஒட்டல” என்றார். இந்த விதையில் இருந்தது பச்சை அட்டை. விதையை விற்கும் கம்பெனியே பொறுப்பேற்று எழுதுகிற உண்மைநிலை விதை அது. விதைச் சான்றுத் துறை பார்த்துக் கொடுப்பது நீல அட்டை. அதில்கூட குவியல் எண் (லாட் நம்பர்) போன்ற விவரங்கள்தான் இருக்கும். நோய் வராது என்று அவர்கள் எழுதித் தருவதில்லை. பச்சை அட்டைக்காரர் மட்டும் இவ்வளவு தைரியமாக எழுதுவது எப்படி என்று கடை முதலாளியிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு டிரைக்கோடெர்மா பாக்கெட் இலவசமாக நீட்டினார். காலாவதி தேதி முடிய இன்னும் மாதங்கள் இருந்தன, வாங்கிக்கொண்டேன். மூன்றாவது மார்க் அதற்கு.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். விதைக்காக மட்டும். ஆடியிலோ புரட்டாசியிலோ போடுங்கள். மாசியில் போட்டே தீருவேன் என்கிறவர்கள் மதிய வெயில் படாத இடமாகப் பார்த்துப் பையை வையுங்கள், பூக்கும் சமயத்தில் மண் காயவிடாதீர்கள். அட்டையில் விதை சோதித்த தேதியையும் பாருங்கள், அந்தச் சிவப்பு வரியை விட அது முக்கியம்.