500 ரூபாயை 1000 ஆக்கிய பைதான்-டாக்ஸ்

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "எங்கள் கோயில் பட்டியலும் வேர்டு கோப்பில்தான் கிடக்கிறது. நீ வைத்திருக்கிற பைதான்-டாக்ஸ் நல்லதா?" வேர்டு கோப்பைப் பைதான் மொழி நிரலால் படிக்க உதவும் நிரலகம் அது. நல்லதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பழைய கோபம் வந்துவிட்டது.

ரோஸ் ஹில்லில் எங்கள் கோயிலில் தைப்பூசக் காவடிக்குப் பேர் கொடுத்தவர்கள் பட்டியல் வருஷத்துக்கு ஒரு வேர்டு கோப்பு. நாலைந்து பேர் கைமாறித் தட்டியது. மூன்று வருஷமாக அவற்றையெல்லாம் நிரல் எழுதி ஒன்று சேர்ப்பது என் வேலை.

முதல் வருஷமே மொத்தத் தொகை எகிறியது. பொருளாளருக்கு ஒரே சந்தோஷம், எனக்குத்தான் சந்தேகம். தேடிப் பார்த்தால், காணிக்கைக்கும் அன்னதானத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவருக்கு யாரோ இரண்டு கட்டத்தையும் இணைத்து 500 என்று போட்டிருக்கிறார். வேர்டு தன் கோப்புக்குள் எல்லாவற்றையும் குறித்து வைக்கும் எக்ஸ்எம்எல் வடிவத்தில் அது ஒரே கட்டம்தான், 'கிரிட்ஸ்பேன் 2', அதாவது இரண்டு கட்ட அகலம், என்ற குறிப்போடு. ஆனால் வரிசையின் கட்டங்களைக் கேட்டால் பைதான்-டாக்ஸ் அதையே இரண்டு தடவை நீட்டுகிறது. என் நிரல் இரண்டையும் கூட்டி 1000 ஆக்கிவிட்டது. அடுத்தடுத்த கட்டங்கள் ஒரே எக்ஸ்எம்எல் உறுப்பைத்தான் காட்டுகின்றனவா என்று பார்த்தால் தீர்ந்தது. இரண்டு வரி நிரல். அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது.

அடுத்த வருஷம் வேறு மாதிரி. குடும்பத் தலைவர் பேரை மேலிருந்து கீழாக ஐந்து வரிசைக்கு இணைத்திருந்தார்கள். கோப்பில் பேர் முதல் கட்டத்தில் மட்டும்தான் இருக்கும், கீழே உள்ளவை 'தொடர்ச்சி' என்ற குறிப்போடு காலி. நிரப்ப நிரல் எழுத உட்கார்ந்தேன், தேவையே இல்லை. ஐந்து வரிசையிலும் பேர் தானாக வந்து நின்றது! என் கணக்கைக் கெடுத்த அதே பழக்கம்தான். வேர்டுக்குள்ளேயே எழுதும் அதன் சொந்த நிரலான மேக்ரோவில் இப்படிப்பட்ட அட்டவணையில் ஒரு வரிசையைத் தொட்டாலே 5991 என்று பிழை காட்டி நின்றுவிடும். கட்டம் கட்டமாக நடந்து வரிசை எண்ணைக் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும்.

சரி, கோட்டை மட்டும் அழித்துவிட்டு இணைத்த மாதிரி காட்டுகிறவர்களையும், ஒரே கட்டத்தில் என்டர் தட்டித் தட்டி நாலு பேரை அடுக்குகிறவர்களையும் எந்த நிரலும் திருத்தாது. அந்தப் பழியை பைதான்-டாக்ஸ் தலையில் போட மாட்டேன்.

இருந்தாலும் நண்பனுக்கு "வேண்டாம்டா, உங்கள் ஆட்களை எக்ஸெலில் தட்டச் சொல்" என்றுதான் பதில் போட்டேன். அனுப்பிய கையோடு இந்த வருஷக் கோப்பைத் திறந்தேன். காணிக்கை, அன்னதானம், இப்போது பூச்செலவும் சேர்த்து, மூன்று கட்டம் ஒன்றாகக் கிடக்கிறது.