பிளாட்டினம் சிப்பா, என்7 ஹெல்மெட்டா?

என் மேசைக்கு மேலே உள்ள தட்டில் இரண்டு பொருள்கள் எப்போதும் முன்வரிசையில் இருக்கும். ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் வெள்ளி நிறச் சூதாட்ட சிப். ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ வீடியோ கேமின் கலெக்டர்ஸ் எடிஷன் (சேகரிப்பாளர்களுக்கான சிறப்புப் பதிப்பு) பெட்டியில் வந்தது. இன்னொன்று, தலையில் மாட்டிக்கொள்ளும் அளவுள்ள என்7 ஹெல்மெட். ‘மாஸ் எஃபெக்ட்’ வீடியோ கேமின் நாயகர் கமாண்டர் ஷெப்பர்டுடையது; என்7 என்பது அவருடைய சிறப்புப் படையின் அடையாளம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் ஹெல்மெட்டைத்தான் கையில் எடுப்பார்கள். இரண்டு கேம்களையும் ஆடியவர்கள் மட்டும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “உனக்கு எது பெருசு?” என்று கேட்பார்கள். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை முடிந்ததில்லை. எனவே விரிவாகவே எழுதிவிடுகிறேன். கதை முடிச்சுகள் சில அவிழும். இன்னும் ஆடாதவர்கள் கவனமாக இருங்கள்.

மாஸ் எஃபெக்ட் கனடாவின் எட்மன்டன் நகரில் இருக்கும் பயோவேர் நிறுவனம் உருவாக்கியது. 2007, 2010, 2012 என்று மூன்று பாகங்களாக வந்தது. மூன்றும் சேர்ந்து ஒரே கதை. நியூ வேகாஸ் 2010 அக்டோபரில் வந்த தனிக் கேம். பெதெஸ்டா நிறுவனத்திடமிருந்த ஃபால்அவுட் உலகத்தை எடுத்து, அப்சிடியன் நிறுவனம் ஒன்றரை ஆண்டுக்குள் செய்து முடித்தது. முன்னது 2183இல் தொடங்கி விண்மீன் மண்டலம் முழுக்கப் பறந்து திரியும் கதை. பின்னது அணுகுண்டுகளில் உலகம் அழிந்து இரண்டு நூற்றாண்டு கழிந்த பிறகு, நெவாடா பாலைவனத்தில் கால்நடையாகத் திரியும் கதை.

இரண்டும் ஆர்பிஜி, அதாவது ரோல்-பிளேயிங் கேம் வகை. ஆர்பிஜி என்றால் வேடம் கட்டுவது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்த வேடம் யாருடையது என்பதை. ஷெப்பர்டின் முகம், பாலினம், பூர்வீகம் எல்லாம் நம் விருப்பம். ஆனால் குடும்பப்பெயர், ராணுவப் பதவி, குரல் ஆகியவை முன்பே முடிவானவை. பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல், ஆண் ஷெப்பர்டுக்கு மார்க் மீர் குரல் கொடுத்தார்கள். ஹேல் பேசிக் கேட்ட பிறகு எனக்கு வேறு ஷெப்பர்டே கிடையாது. அவ்வளவு உயிர் அந்தக் குரலில். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. உரையாடல் சக்கரத்தில் நமக்குத் தெரிவது மூன்று நான்கு சொற்கள்தான். அதைத் தேர்ந்தெடுத்தால் ஷெப்பர்ட் தன் பாணியில் ஒரு முழு வாக்கியம் பேசுவார். சில நேரம் நாம் நினைத்ததைவிடக் கடுமையாகப் பேசிவிடுவார். அந்த வேடத்தில் பாதிதான் நம்முடையது.

நியூ வேகாஸில் நாம் ஒரு கூரியர்காரர். குரல் இல்லை. சொல்லப்போகும் வாக்கியம் முழுவதும் எழுத்தில் கண்ணெதிரே இருக்கும், படித்துவிட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். வலிமை, கூர்மை, தாங்கும் சக்தி, கவர்ச்சி, அறிவு, வேகம், அதிர்ஷ்டம் ஆகிய ஏழுக்கும் புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கும்போதே, இந்த ஆள் எப்படிப் பேசுவார், எதில் சறுக்குவார் என்பதெல்லாம் உருவாகிவிடும். அறிவை அடிமட்டத்தில் வைத்து ஆடிப் பாருங்கள். சில இடங்களில் பேச்சே வேறு மாதிரி வரும்.

இது எவ்வளவு ஆழமானது என்பதற்கு முதல் ஊரே போதும். குட்ஸ்பிரிங்ஸ் சின்ன ஊர். கைதிகளாக இருந்து தப்பிய ஒரு கூட்டம் அதைத் தாக்க வருகிறது. ஊரைத் திரட்ட வேண்டும். மருத்துவத் திறன் 25 இருந்தால், கதையின் தொடக்கத்தில் நம்மைப் பிழைக்க வைத்த டாக்டர் மிட்சலிடம் மருந்து வாங்கலாம். பேரம் பேசும் திறன் 25 இருந்தால் கடைக்காரர் செட் கவசங்களை இறக்குவார். வெடிமருந்து தெரிந்தவர் என்று காட்டினால், கிழவர் ஈஸி பீட் ஒளித்து வைத்த டைனமைட்டை எடுத்துத் தருவார். இதெல்லாம் ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் நடப்பவை. ஊருக்கு எதிராகக் கொள்ளைக்காரர்களோடும் சேரலாம். நான் அதை ஒரே ஒருமுறை செய்தேன். என்னைப் பிழைக்க வைத்த டாக்டரின் ஊரையே அழித்த வருத்தத்தில், சேமித்து வைத்த அந்த ஆட்டத்தை (சேவ் ஃபைல்) தொடராமல் விட்டுவிட்டேன்.

சரி, அப்படியானால் நியூ வேகாஸ்தான் என்று முடித்துவிடலாமா? முடியாது. மாஸ் எஃபெக்ட் செய்த ஒரு காரியத்தை வேறு எந்த ஆர்பிஜியும் அந்த அளவுக்குச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் பாகத்தின் சேவ் ஃபைலை இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் கொண்டு போகலாம். நாம் எடுத்த முடிவுகள் ஐந்து ஆண்டு கழித்து நம்மைத் தேடி வரும்.

ஓர் எடுத்துக்காட்டு மட்டும் சொல்கிறேன். முதல் பாகத்தில் விர்மையர் கிரகத்தில் நம் குழுவில் இருக்கும் வேற்றுக்கிரகவாசி ரெக்ஸ், பிள்ளைப்பேறு குன்றிய தன் இனத்துக்கான மருந்தை நாம் அழிக்கப்போகிறோம் என்று துப்பாக்கியை நீட்டி நிற்பான். பேச்சில் அமைதிப்படுத்தலாம், அல்லது அவன் குலத்துக் கவசத்தை முன்பே மீட்டுக் கொடுத்திருந்தால் இறங்கி வருவான். இல்லையென்றால் அங்கேயே செத்துப்போவான். இரண்டாம் பாகத்தில், மோர்டின் என்ற விஞ்ஞானியின் பழைய மாணவன் அந்த மருந்துக்காகச் செய்த கொடூரமான ஆய்வின் தரவுகள் கிடைக்கும். அழிக்கலாம், வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் பாகத்தில் ரெக்ஸின் இனத்துக்கே மருந்து தயாராகிறது. ரெக்ஸ் உயிரோடு இருந்தால், மோர்டின் அந்த மருந்தை வானில் பரப்பத் தானே கோபுரத்தில் ஏறி உயிரை விடுவார். தடுக்க வேண்டுமானால் நாம்தான் அவரைச் சுட வேண்டும். ரெக்ஸ் இறந்து, அவனுடைய முரட்டுச் சகோதரன் தலைவனாகி, அந்தத் தரவுகளும் அழிந்து, அதனால் ரெக்ஸின் இனத்தைச் சேர்ந்த ஈவ் என்ற பெண்ணும் பிழைக்காமல் போனால் மட்டுமே, மோர்டினைப் பேசித் திருப்பி உயிரோடு அனுப்ப முடியும். நல்ல நண்பனைக் காப்பாற்றியதாலேயே இன்னொரு நல்ல நண்பனை இழக்கிறோம். முதல்முறை அந்தக் கோபுரக் காட்சி முடிந்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நின்றேன்.

தோழர்கள் விஷயத்திலும் மாஸ் எஃபெக்ட்தான். ஷெப்பர்டின் நெருங்கிய தோழன் கேரஸோடு, பிரசீடியம் என்ற விண்வெளி நிலையப் பகுதியின் உச்சியில் நின்று பாட்டில்களைக் குறிவைத்துச் சுடும் காட்சிக்கு ஈடாக நியூ வேகாஸில் ஒன்று கிடையாது. அங்கே வரும் தோழர்கள் பூனும் வெரோனிக்காவும் நன்றாக எழுதப்பட்டவர்கள்தான். ஆனால் ஒரே சமயத்தில் மனித உருவத் தோழர் ஒருவர், இயந்திரமோ நாயோ ஒன்று, அவ்வளவுதான் கூட வர முடியும். மாஸ் எஃபெக்டின் நார்மண்டி விண்கப்பலில் ஒவ்வொரு தளமாக இறங்கி எல்லோரிடமும் பேசிவிட்டு வரும் அந்தக் குடும்ப உணர்வு அங்கே வராது. துப்பாக்கிச் சண்டையிலும் மாஸ் எஃபெக்டின் பின்னிரண்டு பாகங்களே மேல்.

முடிவு என்று பார்த்தால் நிலைமை தலைகீழ். மாஸ் எஃபெக்ட் 3இன் முடிவு ரசிகர்களைக் கொதிக்க வைத்தது. 2012 ஜூனில் விரிவாக்கிய முடிவை இலவசமாகக் கொடுத்தார்கள். காயம் கொஞ்சம் ஆறியது, முழுதாக அல்ல. நியூ வேகாஸில் ஹூவர் அணைப் போரை நான்கு வழிகளில் முடிக்கலாம். பேச்சுத் திறனை 100க்கு வளர்த்திருந்தால் கடைசி எதிரியைப் பேசியே திருப்பி அனுப்பலாம். பிறகு ஒவ்வோர் ஊருக்கும் என்ன ஆனது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். குட்ஸ்பிரிங்ஸ் பெயர் வரும்போது எனக்கு இன்றும் நெஞ்சு இறுகும். நெவாடாவில் குட்ஸ்பிரிங்ஸ் உண்மையாகவே இருக்கும் ஊர். கேமில் வரும் மதுக்கடைக்கு மாதிரியான பயனியர் சலூன் அங்கே இருக்கிறது. ரசிகர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். என்றாவது நானும் போக வேண்டும்.

இந்தப் பேச்சில் ‘சைபர்பங்க் 2077’ஐ விட்டுவிட முடியாது. போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் செய்தது. 2020 டிசம்பரில் வந்தபோது பழைய கன்சோல்களில் ஆட முடியாத நிலை. சோனி சுமார் ஒரு வாரத்தில் தன் கடையிலிருந்து தூக்கி, 2021 ஜூனில்தான் திரும்பச் சேர்த்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்புக்கும் ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ என்ற கூடுதல் கதைத் தொகுப்புக்கும் பிறகு அது வேறு கேம். அதில் வரும் நைட் சிட்டி போல ஒரு நகரத்தை எந்தக் கேமிலும் நான் நடந்து பார்த்ததில்லை. ஃபால்அவுட் உலகில் குண்டுகள் விழுந்ததும் 2077தான், அக்டோபர் 23 அன்று. இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால் இது மனதைப் பிசையும். ஆனால் நம் முடிவுகள் உலகை மாற்றும் விதத்தில் அது மற்ற இரண்டுக்கும் கீழேதான். அதை இங்கே கொண்டுவந்ததற்கு முக்கியக் காரணம் அதன் சிலை.

அதன் கலெக்டர்ஸ் எடிஷனில் 25 செ.மீ. உயரச் சிலை ஒன்று வந்தது. நாயகன் வீ மோட்டார் சைக்கிளோடு இருக்கும் காட்சி. நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். வேலைப்பாடு அபாரம். ஆனால் நான் ஆடிய வீ ஒரு பெண். அந்தச் சிலையில் இருப்பவர் யாரோ ஒருவர். அதைப் பார்த்த அன்றுதான், இத்தனை நாள் பொருள் சேர்த்தும் புரியாத ஒன்று எனக்குப் புரிந்தது. ஆர்பிஜி நாயகனின் முகம் ஆடுகிறவருக்குச் சொந்தம். அந்த முகத்தைச் சிலையாக வடித்தால் அது வேறொருவருடைய கதைக்குச் சிலையாகிவிடுகிறது. கேரஸ் பொம்மை வாங்கலாம். கேரஸ் எல்லோருக்கும் ஒரே கேரஸ்தான். ஷெப்பர்ட் பொம்மை வாங்க எனக்கு மனம் வராது.

என்7 ஹெல்மெட் அதனால்தான் சரியான பொருள். ஹெல்மெட்டுக்குள் யார் முகமும் இருக்கலாம். 2021 மே மாதம் மூன்று பாகங்களையும் புதுப்பித்து ‘லெஜண்டரி எடிஷன்’ வந்தபோது, லெஜண்டரி கேஷ் என்ற பெயரில் அணியக்கூடிய இந்த ஹெல்மெட்டைத் தனியாக விற்றார்கள். பெட்டிக்குள் கேம் கிடையாது. 150 டாலர். எனக்கு வந்து சேர்ந்தபோது வெளிப்பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. உள்ளே எதுவும் ஆகவில்லை என்று தெரியும்வரை மூச்சு நின்றது. ஒரே குறை, இடம். ஒரு தட்டின் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஃபால்அவுட் பக்கம் பொருள்களின் வரிசை நீளம். ஃபால்அவுட் 3க்குச் சாப்பாட்டு டப்பாவும் ஃபால்அவுட்டின் சின்னமான வால்ட் பாயின் தலையாட்டி பொம்மையும் வந்தன. அந்தப் பொம்மை கேமுக்குள்ளும் 20 இடங்களில் ஒளிந்திருக்கும். 2015இல் ஃபால்அவுட் 4க்கு வந்த பிப்-பாய் எடிஷன் 120 டாலர். பிப்-பாய் என்பது கேமில் நாயகர் மணிக்கட்டில் கட்டும் கணினி. கையில் மாட்டி, உள்ளே போனைச் செருகினால் கேமில் உள்ள அதே திரை அதில் ஓடும். அருமையான யோசனை, ஆனால் அன்றைய போன்களின் அளவுக்குச் செய்தது. இன்றைய போன்கள் உள்ளே போகாது. 2018இல் ஃபால்அவுட் 76இன் 200 டாலர் பெட்டிக்குக் கான்வாஸ் பை என்று விளம்பரம் செய்துவிட்டு நைலான் பை அனுப்பினார்கள். பெரும் கூச்சலுக்குப் பிறகே கான்வாஸ் பை தர ஒப்புக்கொண்டார்கள். காசு கொடுத்து நம்பி வாங்கிய ரசிகரை அப்படி நடத்தியிருக்கக் கூடாது.

இத்தனைக்கும் நடுவில் நியூ வேகாஸ் பெட்டி தனி. ஏழு கேசினோக்களின் ஏழு சிப்கள், கேம் பாத்திரங்கள் அச்சிட்ட சீட்டுக்கட்டு, படக்கதைப் புத்தகம், அப்புறம் கேமில் வரும் லக்கி 38 கேசினோவின் பிளாட்டினம் சிப். கதையின் முதல் காட்சியில் கூரியர்காரர் தலையில் குண்டு வாங்குவது இந்தச் சிப்புக்காகத்தான். முழுக்கதையும் இதைத் தேடித்தான் நகர்கிறது. அது வெறும் சிப் அல்ல, ஒரு ரோபோ படையையே எழுப்பும் தரவு அதற்குள் இருக்கிறது. அதைக் கையில் வைத்து உருட்டும்போது, கேமில் என் கூரியர்காரரின் கையில் இருந்த அதே பொருள் என் கையில் இருக்கிறது. ஹெல்மெட் நான் யாராக இருந்தேன் என்பதைச் சொல்கிறது. சிப் எனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதே பெரிது. ஆர்பிஜி என்ற வகையிலும், சேர்த்து வைக்கும் பொருள் என்ற வகையிலும் என் ஓட்டு நியூ வேகாஸுக்கே. நீங்கள் இதுவரை எதையும் ஆடவில்லை என்றால் மட்டும் மாஸ் எஃபெக்டில் தொடங்குங்கள். அது கையைப் பிடித்து அழைத்துப் போகும்.

வாங்கும் முன் இரண்டு விஷயங்கள். லெஜண்டரி எடிஷன் இன்றைய கணினியில் தடங்கலின்றி ஓடும். பெரும்பாலான டிஎல்சிகளும் (பின்னால் தனியாக வந்த கூடுதல் பகுதிகள்) அதிலேயே உண்டு. நியூ வேகாஸ் பழைய 32 பிட் நிரல். கணினியில் எவ்வளவு நினைவகம் இருந்தாலும் இரண்டு ஜிபிக்கு மேல் எடுக்காது. அந்த வரம்பை உயர்த்த ரசிகர்கள் செய்த 4 ஜிபி பேட்சைப் (திருத்த நிரல்) போட்ட பிறகே ஆடத் தொடங்குங்கள்.

நியூ வேகாஸ் பெட்டி இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும். விற்பவரிடம் சிப்களை வரிசையாக வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிளாட்டினம் சிப் இல்லாத பெட்டிக்கு முழு விலை தர வேண்டாம். சீட்டுகளையும் எண்ணிப் பாருங்கள். என் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு குறைவு. கேமுக்குள் வரும் கேரவன் ஆட்டத்துக்கு ஆளுக்கு 30 சீட்டு இருந்தால் போதும் என்பதால் பாதகமில்லை. சித்தப்பா மகன் ஒரு சாதாரணக் கட்டைக் கொண்டுவருவான், நான் இதை எடுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பாட்டில் மூடிகளைப் பந்தயம் வைத்து ஆடுகிறோம். பிளாட்டினம் சிப்பை மட்டும் பந்தயத்தில் வைப்பதில்லை.