பெட்டியில் 4000 லிட்டர், தொட்டியில் 2880: ஒரு ரிட்டர்ன் பம்பின் மதிப்பீடு

கடல்நீர் மீன்தொட்டிக்கு ரிட்டர்ன் பம்ப் (தொட்டிக்குக் கீழே உள்ள துணைத் தொட்டியான சம்பிலிருந்து நீரை மேலே திருப்பி அனுப்பும் பம்ப்) வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது பெட்டியின் மேல் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைத்தான். நான் பயன்படுத்திவரும் இந்த டிசி பம்பின் பெட்டியில் மணிக்கு 4000 லிட்டர் என்றும் அதிகபட்ச ஹெட் (பம்ப் நீரை ஏற்றக்கூடிய உயரம்) 3.5 மீட்டர் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இவை இரண்டும் ஒருசேரக் கிடைப்பவை அல்ல. உயரமே ஏற்றாமல், குழாயே மாட்டாமல் ஓடினால் 4000 லிட்டர் வரும், 3.5 மீட்டர் உயரத்தில் ஒரு சொட்டும் வராது. நம் தொட்டிக்குக் கிடைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் அளவு. அது எவ்வளவு என்று கண்டறிய உதவும் ஹெட் வரைபடத்தைக் கையேட்டிலேயே கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பம்பின் மேல் எனக்கு மதிப்பு உண்டாக முதல் காரணம்.

அந்த வரைபடம் எவ்வளவு நம்பகமானது என்று பார்த்தேன். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை 1.2 மீட்டர். பம்ப் சம்பின் அடியில் கிடந்தாலும் உயரத்தை நீர்மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும். பம்பிலிருந்து அளந்தால் கணக்கு தொடக்கத்திலேயே பிசகிவிடும். பம்புடன் வரும் குழாய் முனையின் உள்விட்டம் 20 மி.மீ. அதே அளவில் 2 மீட்டர் பிவிசி குழாயும் மூன்று எல்போக்களும் பொருத்தினேன். ஒரு 90 டிகிரி எல்போ, தன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு நீளமுள்ள நேர்க்குழாய்க்குச் சமம் என்று கொண்டால், மூன்றுக்கும் 1.8 மீட்டர் சேர்ந்து மொத்த நீளம் 3.8 மீட்டராகிறது. மணிக்கு 2400 லிட்டர் ஓடும்போது, ஹேசன்-வில்லியம்ஸ் சூத்திரப்படி, இந்தக் குழாயின் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 25 செ.மீ. ஹெட் உராய்விலேயே போய்விடுகிறது. உயரத்தையும் உராய்வையும் கூட்டினால் 2.1 மீட்டருக்குச் சற்று மேல். வரைபடம் அந்த இடத்தில் ஏறத்தாழ 2400 லிட்டரையே காட்டுகிறது. திரும்பும் முனையை அதே உயரத்தில் வைத்து 20 லிட்டர் வாளியில் நீரைப் பிடித்தபோது வாளி நிறைய 30 விநாடி ஆயிற்று, அதாவது மணிக்கு 2400 லிட்டர்தான்.

வரைபடம் நேர்மையானது. குறை, உடன் வரும் அந்த 20 மி.மீ. முனையில்தான். குழாயின் விட்டம் கூடக்கூட உராய்வு ஏறத்தாழ அதன் ஐந்தாம் படிக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது என்பதால், 25 மி.மீ. உள்விட்டத்துக்கு மாறினாலே இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். நல்லவேளையாக முனை மரையிட்டது. அதைக் கழற்றிவிட்டு 25 மி.மீ. அடாப்டரும் அதே அளவுக் குழாயும் போட்டேன். வேகத்தை மாற்றாமலேயே வாளி 25 விநாடியில் நிறைந்தது: மணிக்கு 2880 லிட்டர். இந்த அடாப்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தியிலேயே குறைத்துக்கொள்ளலாம் என்பதால் நீரோட்டத்தை மட்டுப்படுத்தத் தனி வால்வு தேவையில்லை. சத்தம் மிகக் குறைவு. பின்னோட்டத்தைத் தடுக்கும் செக் வால்வு உடன் வருவதில்லை என்பதை நான் குறையாகக் கருதவில்லை. கடல்நீரில் சுண்ணாம்பும் உப்பும் படிந்து அந்த வால்வு முழுமையாக மூடாமல் போவது வழக்கம். மின்சாரம் நின்றதும் மேல்தொட்டி நீர் குழாய் வழியே சம்புக்கு அளவுமீறி இறங்காதிருக்க, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சிறு துளையிடுவதும், அந்தத் துளையை அவ்வப்போது சுத்தம் செய்வதும், இறங்குகிற நீரைத் தாங்கும் காலியிடத்தைச் சம்பில் விட்டுவைப்பதுமே பாதுகாப்பான வழி.

சுழலியைக் கருவியில்லாமல் கழற்ற முடிகிறது; வினிகர் கலந்த நீரில் ஊறவைத்தால் அச்சில் படிந்த சுண்ணாம்பு இளகிவிடுகிறது. இதைத் தள்ளிப்போட்டால் நீரோட்டம் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும்.

பவளங்களுக்கு வேண்டிய அலையோட்டத்தை வேவ்மேக்கர்கள் கொடுத்துவிடுவதால், சம்பு வழியே மணிக்கு ஐந்து முறை நீர் சுழன்றால் போதும் என்பது என் கருத்து. அந்தக் கணக்கில், சம்பு தொட்டிக்கு நேர் கீழே இருக்குமானால், 500 லிட்டர் தொட்டிக்கு இந்தப் பம்பைத் தயங்காமல் வாங்கலாம். சம்பைக் கீழ்த்தளத்தில் வைத்து 3 மீட்டர் ஏற்ற நினைப்பவர்களுக்கு இது ஆகாது. வரைபடத்தின்படி அங்கே 1500 லிட்டர்கூடத் தேறாது. அவர்கள் லிட்டர் கணக்கை ஒதுக்கிவிட்டு, அதிகபட்ச ஹெட் 5 மீட்டருக்குக் குறையாத பம்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.