மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் இன்னொரு படிப்பு: ஸ்பெஷல் மாஸ்டர்ஸா, போஸ்ட்-பேக்கா?

அமெரிக்காவில் டிகிரி முடித்து, மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பித்து, எங்குமே இடம் கிடைக்காத பிள்ளைகள் அடுத்து தேடுவது ஒரு வருட மாஸ்டர்ஸைத்தான். கையில் இன்னொரு பட்டம் வருகிறதே என்று பெற்றோரும் சரி என்று விடுகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன், விண்ணப்பம் எங்கே அடிவாங்கியது என்று பாருங்கள். அதற்கேற்பத்தான் படிப்பு அமைய வேண்டும்.

பொருளாதாரமோ வரலாறோ படித்துவிட்டு மருத்துவத்துக்கு வர நினைப்பவருக்குக் குழப்பமே இல்லை. பென்சில்வேனியாவில் பிரின் மார், பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆகியவை நடத்தும் போஸ்ட்-பேக் (டிகிரி முடித்த பிறகு எடுக்கும் இளங்கலை அளவிலான பாடங்கள்) படிப்புகள் இவர்களுக்கானவை. தேவையான அறிவியல் பாடங்களை அங்கே வரிசையாக முடித்துவிடலாம். லிங்கேஜ் ஒப்பந்தம் (அந்தப் படிப்பின் மாணவர்களை முன்கூட்டியே பரிசீலிக்கும் ஏற்பாடு) உள்ள மெடிக்கல் ஸ்கூலில் இடம் கிடைத்தால், இடையில் ஒரு வருடம் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அதே பாடங்களை ஏற்கெனவே படித்து மார்க் குறைந்தவர்களுக்கு இந்த வழி இல்லை.

சிக்கலே அவர்களுக்குத்தான். பாடமெல்லாம் முடிந்துவிட்டது, ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) 3.2. மெடிக்கல் ஸ்கூலில் சேர்பவர்களின் சராசரியோ 3.8-ஐ ஒட்டி இருக்கிறது. இங்கே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கத்தில் உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை அளவிலான மேல்நிலை அறிவியல் பாடங்களைத் தாமே தேர்ந்தெடுத்துப் படிப்பது; இதுவும் ஒரு வகை போஸ்ட்-பேக்தான். இன்னொன்று, ஜார்ஜ்டவுன், பாஸ்டன், சின்சினாட்டி போன்ற இடங்களில் உள்ள ஸ்பெஷல் மாஸ்டர்ஸ், அதாவது மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கென்றே உள்ள முதுகலைப் படிப்பு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 கிரெடிட்டில் 3.2 வைத்திருப்பவர், போஸ்ட்-பேக்காக இன்னும் 30 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினால், ஆம்காஸ் (மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பச் சேவை) விண்ணப்பத்தில் இளங்கலை ஜிபிஏ 3.36 ஆகும். அதே உழைப்பை மாஸ்டர்ஸில் போட்டால் 3.2 அப்படியே நிற்கும். முதுகலை மதிப்பெண்ணை ஆம்காஸ் தனி வரியில்தான் காட்டும், இளங்கலையோடு சேர்க்காது. பட்டம் வாங்கிய பிறகும் ஜிபிஏ ஏன் ஏறவில்லை என்று பலர் திகைப்பது இதனால்தான்.

அப்படியானால் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் எதற்கு? 1975 முதல் நடக்கும் ஜார்ஜ்டவுன் படிப்பில், முதலாண்டு மெடிக்கல் மாணவர்களோடு சேர்ந்து பாடம் படித்து, அவர்களோடு ஒப்பிட்டு மதிப்பிடப்படுகிறார்கள். அதில் நன்றாகச் செய்தால், ‘இவரால் மெடிக்கல் ஸ்கூல் பாடத்தைத் தாங்க முடியும்’ என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. சறுக்கினாலும் சான்றுதான்! இளங்கலை முதல் வருடச் சறுக்கலுக்கு வயது, வீடு, உடல்நிலை என்று ஏதாவது காரணம் சொல்லலாம். இந்த வருடத்தின் பி-மைனஸுக்கு என்ன சொல்வது?

பாஸ்டன் படிப்பில் ஆய்வேடு எழுத வேண்டும். இரண்டாம் வருடம் ஆய்வகத்தில் இருந்துகொண்டே விண்ணப்பிப்பவர்களும் உண்டு. வாடகை கூடுதலாகும், ஆனால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், ஆய்வில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கு பாஸ்டனையும், எம்கேட் எனும் மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வை ஏற்கெனவே நன்றாக முடித்தவருக்கு ஜார்ஜ்டவுனையும் சொல்வேன்.

எம்கேட் குறைவாக இருந்தால் இரண்டுமே வேண்டாம், முதலில் தேர்வைச் சரிசெய்யுங்கள். 528-க்கு நடக்கும் அந்தத் தேர்வில் இயற்பியல், கரிம வேதியியல், உளவியல், நீண்ட பத்திகளைப் படித்துப் புரிந்துகொள்வது எல்லாம் வரும். உடலியங்கியலிலும் மருந்தியலிலும் மூழ்கிக் கிடக்கும் மாஸ்டர்ஸ் வருடம் அதற்கெல்லாம் பெரிதாக உதவாது, நேரத்தையும் தின்றுவிடும்.

அப்புறம் காலண்டர். விண்ணப்பம் ஜூன் வாக்கில் போக வேண்டும், மாஸ்டர்ஸ் தொடங்குவதோ ஆகஸ்ட் வாக்கில். சேரும் வருடமே விண்ணப்பித்தால், காட்டுவதற்குப் புது மதிப்பெண் எதுவும் இருக்காது. டிசம்பரில் வரும் மதிப்பெண்ணைக் கடிதம் எழுதித்தான் அனுப்ப வேண்டும். முடித்துவிட்டு விண்ணப்பித்தால், ‘ஒரு வருடப் படிப்பு’ நடைமுறையில் இரண்டு வருடம்.

பணம்தான் இப்போது பெரிய விஷயம். முன்பு முழுச் செலவுக்கும் கைகொடுத்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. மாஸ்டர்ஸ் மாணவருக்கு மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான். மிச்சத்துக்குத் தனியார் கடன், அல்லது அப்பா அம்மாவின் சேமிப்பு. மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு இரண்டு பாடமாக எடுக்கலாம். ஒரு பருவம் சரியில்லை என்றால் நிறுத்தி யோசிக்கவும் முடியும். அதனால் 3.2 வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஜிபிஏ 3.0-க்கும் கீழே போய், ஏற்கெனவே நிறைய கிரெடிட் சேர்ந்துவிட்டதால் எண் இனி நகராது என்ற நிலையிலும், எம்கேட் வலுவாக இருந்தால்தான் ஸ்பெஷல் மாஸ்டர்ஸ்.

எச்-4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) வளர்ந்து 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் நம் பிள்ளைகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு மத்திய அரசுக் கடன் இல்லை, மெடிக்கல் ஸ்கூல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவரை எடுப்பதும் இல்லை. எந்தப் பள்ளிகள் எடுக்கும் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாஸ்டர்ஸைப் பற்றியே பேச வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சேரும் முன் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, முடித்தவர்களில் எத்தனை பேருக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். சொந்த மெடிக்கல் ஸ்கூலில் நேர்காணல் உறுதி என்றால், அதற்கு எந்த ஜிபிஏ, எந்த எம்கேட் வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.