பங்குக் கணக்குக்கு ஓர் இலவச டெம்ப்ளேட்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வாங்கிய பங்குகளையும் விற்ற பங்குகளையும் பதிந்துவைப்பதற்கென இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கூகுள் ஷீட்ஸ் டெம்ப்ளேட்டை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். தரகு நிறுவனத்தின் செயலியே எல்லாவற்றையும் காட்டும்போது தனியாக ஒரு ஷீட் எதற்கு என்று கேட்பவர்கள், பெரும்பாலும் ஒரே தரகரிடம் ஒரே கணக்கு வைத்திருப்பவர்களாக இருப்பார்கள். இரண்டு தரகர்களிடம் ஒரே பங்கை வைத்திருப்பவருக்கு அதன் மொத்த அடக்க விலையை ஒரு தரகரின் செயலி பொதுவாகத் தானாகச் சொல்லிவிடாது.

டெம்ப்ளேட்டில் மூன்று ஷீட்கள் உள்ளன. முதலாவதில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேதி, குறியீடு, வாங்கலா விற்றலா என்ற விவரம், எண்ணிக்கை, விலை, தரகுக் கட்டணம் ஆகியவற்றோடு ஒரு வரிசை எழுத வேண்டும். கையிருப்பையும் லாப நட்டத்தையும் மற்ற இரண்டு ஷீட்களும் அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்கின்றன. பங்குக்கு ஒரு வரிசை வைத்து, மேலும் வாங்கும்போதெல்லாம் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதும் வழக்கம் பலருக்கும் உண்டு. அதில் ஒருமுறை பிசகினால் எங்கே பிசகியது என்று தேடத் தடயமே இருக்காது. இங்கே எதையும் அழிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இந்த டெம்ப்ளேட்டை முதலில் விரும்பினேன்.

வாங்குவது வரை எல்லாம் சரியாகவே நடக்கிறது; சிக்கல் விற்கும்போதுதான் தொடங்குகிறது. ஒரு பங்கை 200 வீதம் 100, பின்னர் 260 வீதம் 50 வாங்கி, 250 வீதம் 120 விற்றதாக வைத்துக்கொள்வோம். டெம்ப்ளேட் சராசரி அடக்க விலையான 220-ஐ எடுத்துக்கொண்டு லாபம் 3,600 என்கிறது. முதலில் வாங்கியதே முதலில் விற்றது என்ற முறையில் கணக்கிட்டால், 200 வீதம் 100 பங்குகளும் 260 வீதம் 20 பங்குகளும் போனதாகக் கொண்டு லாபம் 4,800 ஆகிறது. மீதமுள்ள 30 பங்குகளின் அடக்கம் முதல் முறையில் 6,600, இரண்டாவதில் 7,800 என்பதால் கடைசிப் பங்கும் விற்ற பின் இரண்டும் ஒன்றாகிவிடும் என்றாலும், இடைப்பட்ட காலத்தில் வரிக் கணக்குக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்ற கேள்வி நிற்கிறது. வரிச் சட்டம் எந்த முறையைக் கேட்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்க டெம்ப்ளேட்டில் வழியே இல்லை. எந்த முறையைக் கையாள்கிறது என்றுகூட எங்கும் எழுதப்படவில்லை. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

நிறுவனம் ஒரு பங்கைப் பலவாகப் பிரிக்க, விலையும் அதற்கேற்பக் குறையும் பங்குப் பிரிப்பிலும் இதே தடுமாற்றம்தான். ஒரு பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்ட மறுநாள், நான் அதைப் பதிய மறந்திருந்ததால், ஷீட் 80 சதவிகித நட்டத்தைச் சிவப்பு நிறத்தில் காட்டி ஒரு நிமிடம் என்னைத் திகைக்க வைத்தது. என்னிடம் இருந்த 10 பங்குகளோடு 40 பங்குகளைச் சுழிய விலையில் வாங்கியதாக எழுதச் சொல்கிறது டெம்ப்ளேட்டின் குறிப்பு. சராசரி முறையில் இது பொருந்தும். முதலில் வாங்கியது முதலில் என்ற முறைக்கு மாறினாலோ, முதல் 10 பங்குகள் முழு விலையையும் சுமக்க, மற்ற 40-உம் இலவசமாக வந்தவைபோல் நிற்கும். பழைய வரிசைகளின் எண்ணிக்கையைப் பெருக்கி விலையை வகுக்கும் ஒரு தனி நெடுவரிசையை நானே சேர்த்துக்கொண்டேன்.

நடப்பு விலையை கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா கொண்டுவருகிறது. அது 20 நிமிடம் வரை தாமதமாக வரக்கூடும் என்பது நீண்டகால முதலீட்டாளருக்கு ஒரு பொருட்டல்ல; நாளுக்குள் வாங்கி விற்பவர்கள் இதை நம்பி எதுவும் செய்யக் கூடாது. வட்ட வரைபடங்கள் பார்க்க அழகாக உள்ளன, அவ்வளவுதான்.

மூன்றாவது ஷீட்டில், பணம் போட்ட, எடுத்த தேதிகளைக் கொண்டு ஆண்டு வருமானத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் ஃபார்முலாவைச் சேர்த்திருப்பது நல்ல முடிவு. வெவ்வேறு தேதிகளில் போட்ட பணத்துக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு என்பதை வெறும் லாபச் சதவிகிதம் சொல்லாது. ஆனால் ஒரே மாதத்தில் கிடைத்த 5 சதவிகித லாபத்தையும் அது ஏறத்தாழ 80 சதவிகித ஆண்டு வருமானமாக விரித்துக் காட்டும் என்பதால், ஓராண்டு நிறையாத பங்குகளுக்கு அந்த செல்லை நான் காலியாக விட்டுவிடுகிறேன்.

பதிவு செய்யும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு இருந்திருக்கலாம். குறியீட்டுக்குப் பின்னால் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், ஒரே குறியீடு கொண்ட வரிசைகளைக் கூட்டும் சம்இஃப்ஸ் ஃபார்முலா அதை வேறொரு பங்காகக் கருதிக் கூட்டலில் சேர்ப்பதில்லை. என் கையிருப்பில் 25 பங்குகள் காணாமல்போன மாலையில் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. தேதியும் அப்படித்தான்: செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால், பெரும்பாலும் ஷீட் அதைத் தேதியாக அல்லாமல் எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். குறியீடுகளுக்குத் தேர்வுப் பட்டியலும் தேதிக்குச் சரிபார்ப்பும் வைத்த பிறகு இத்தொல்லைகள் நின்றன.

ஆண்டுக்குச் சில பத்துப் பரிவர்த்தனைகள் செய்பவர்களுக்கும் ஃபார்முலாவைத் திறந்து பார்க்கத் தயங்காதவர்களுக்கும் இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மாதம் ஒருமுறை கையிருப்பு எண்ணிக்கையைத் தரகரின் அறிக்கையோடு ஒப்பிட்டுவிடுங்கள். எனக்கு அதற்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை.